ஹெச்டி கேம்கார்டர் காட்சிகளுக்கு வீட்டு எடிட்டிங் அமைப்பை மேம்படுத்துவது எப்படி?

கேம்கார்டரிலேயே போட்டுப் பார்த்தால் தடங்கலில்லாமல் ஓடும் காட்சி, கணினியில் எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் (கிளிப்களை வரிசையாக அடுக்கும் பட்டியில்) வைத்ததும் திக்கித் திணறுகிறது. ஒலி முன்னே போகிறது, படம் பின்னால் இழுபடுகிறது. கட் வைக்க நினைத்து நிறுத்தினால், இரண்டு நொடி கழித்துத்தான் நிற்கிறது. இந்த நிலையில் பலரும் புதிய கணினி தேடக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். கணினி எங்கே திணறுகிறது என்று கண்டுபிடிக்காமல் எதையும் வாங்க வேண்டாம். ஒரு பாதிச் சிக்கல் செலவே இல்லாமல் தீர்ந்துவிடும். மீதிக்கு எதை வாங்குவது என்பதும் அப்போதுதான் தெளிவாகும்.

முதலில், உங்கள் கேமரா என்ன பதிவு செய்கிறது?

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, கேம்கார்டரில் எடுத்த ஒரு கிளிப்பை அதில் திறந்து பாருங்கள். நான்கு விவரங்களைக் குறித்துக்கொண்டால் போதும்: கோடெக் (காட்சியைச் சுருக்கி எழுதும் முறை) எது, நொடிக்கு எத்தனை மெகாபிட், நொடிக்கு எத்தனை ஃபிரேம், ஸ்கேன் வகை இன்டர்லேஸா ப்ரோக்ரெஸிவா (அரை அரைப் படமா, முழுப் படமா; பின்னால் விளக்குகிறேன்). இனி எடுக்கப்போகும் பல முடிவுகள் இந்த நான்கையும் ஒட்டித்தான் இருக்கும்.

வீட்டு ஹெச்டி கேம்கார்டர்களில் நீங்கள் பெரும்பாலும் மூன்று வடிவங்களைச் சந்திப்பீர்கள். மூத்தது, 2003-ல் அறிவிக்கப்பட்ட ஹெச்டிவி (HDV; ஹெச்டி டிவி அல்ல). பழைய மினிடிவி டேப்பிலேயே 1440×1080 படத்தை எம்பெக்-2 முறையில், நொடிக்கு 25 மெகாபிட் வேகத்தில் எழுதியது. அடுத்து, 2006-ல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த ஏவிசிஹெச்டி. மெமரி கார்டில் எம்டிஎஸ் கோப்புகளாக விழுவது இதுதான், கோடெக் ஹெச்.264, வேகம் 24 மெகாபிட் வரை. 2011-ல் நொடிக்கு 50, 60 முழு ஃபிரேம்களை அனுமதித்தபோது அந்த வரம்பு 28 மெகாபிட் ஆனது. மூன்றாவது, 2013-ல் சோனி தொடங்கிய எக்ஸ்ஏவிசி எஸ். இது எம்பி4 கோப்பு, ஹெச்டிக்கு 50 மெகாபிட் வரை போகும்.

24 மெகாபிட்டில் ஒரு மணி நேரக் காட்சி சுமார் 11 ஜிபி. இது ஒன்றும் பெரிய கோப்பு இல்லை. அப்படியிருந்தும் கணினி ஏன் திணறுகிறது? கோப்பு இவ்வளவு சிறியதாக இருப்பதுதான் காரணம். பழைய மினிடிவியில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி முழுப் படம். ஹெச்டிவியும் ஏவிசிஹெச்டியும் அப்படி எழுதுவதில்லை. சுமார் அரை நொடிக்கு ஒருமுறை ஒரு முழுப் படத்தை வைத்துவிட்டு, இடையில் வரும் ஃபிரேம்களில் மாற்றத்தை மட்டும் எழுதுகின்றன. முழு இருப்பையும் தினமும் எழுதாமல், வரவு செலவை மட்டும் குறித்துவைக்கும் கணக்கு நோட்டு மாதிரி. நடுவில் ஒரு நாளின் இருப்பு தெரிய வேண்டுமானால் முன்னால் போய்க் கூட்டிக் கழித்து வர வேண்டும். நீங்கள் டைம்லைனில் எங்காவது கிளிக் செய்யும்போதெல்லாம் ப்ராசஸர் இந்தக் கூட்டல் கழித்தலைத்தான் செய்கிறது. இவற்றில் ஒரு ஃபிரேம் தனக்குப் பின்னால் வருவதையும் நம்பியிருக்கலாம் என்பதால் வேலை இன்னும் கூடுகிறது.

ஆக, பெரும்பாலும் சுமை விழுவது டிஸ்க்கின் மேல் இல்லை, சுருக்கி எழுதிய காட்சியை மறுபடி முழுப் படங்களாக விரித்துக்கொடுக்கும் பகுதியின் மேல். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

கார்டிலிருந்து நகலெடுக்கும் முறை

எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். கார்டில் இருக்கும் மொத்த ஃபோல்டர் அமைப்பையும் அப்படியே நகலெடுங்கள். நீண்ட காட்சிகளைக் கேம்கார்டர் 2 அல்லது 4 ஜிபிக்கு ஒரு கோப்பாகத் துண்டாக்கி எழுதும். எந்தத் துண்டு எதன் தொடர்ச்சி என்ற தகவல் மற்ற ஃபோல்டர்களில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் எடுத்து டைம்லைனில் அடுத்தடுத்து வைத்தால், இணைப்பு வரும் இடத்தில் ஒலி ஒரு கணம் அறுந்துபோகலாம். கச்சேரியோ மேடைப் பேச்சோ எடுத்தவர்களுக்கு இது பெரிய தொல்லை. முழு அமைப்பும் இருந்தால், ஏவிசிஹெச்டியைப் புரிந்துகொள்ளும் எடிட்டிங் மென்பொருளோ, கேமராவுடன் வந்த மென்பொருளோ துண்டுகளைத் தடயமில்லாமல் சேர்த்துவிடும்.

ஃபோல்டருக்குத் தேதியையும் நிகழ்ச்சியையும் பெயராக வையுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினி தானே காலவரிசையில் அடுக்கிவிடும். உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயரை மாற்ற வேண்டாம். இன்னொன்று, இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் நகல் வந்து, அவற்றைத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

எங்கே திணறுகிறது?

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரையும், மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரையும் திறந்து ஓரமாக வையுங்கள். எடிட்டிங் மென்பொருளில் ஒரு கிளிப்பைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். பிறகு இரண்டு கிளிப்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓட்டுங்கள். அப்புறம் வண்ணத் திருத்தம் மாதிரி ஒரு எஃபெக்ட் சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் எந்த எண் உச்சிக்குப் போகிறது என்று கவனியுங்கள்.

ஒற்றைக் கிளிப்பிலேயே ப்ராசஸர் 100 சதவீதத்தைத் தொட்டால், காட்சியை விரிப்பதில்தான் சிக்கல். கிளிப் நன்றாக ஓடி, எஃபெக்ட் சேர்த்ததும் மட்டும் தடுமாறினால் கிராபிக்ஸ் பக்கம் பாருங்கள். நினைவகம் நிரம்பி டிஸ்க் ஓயாமல் ஓடினால் ராம் போதவில்லை. எதுவுமே நிரம்பவில்லை, ஆனாலும் படம் நிற்கிறது என்றால், காட்சிகள் இருக்கும் டிஸ்க்கோ அதை இணைக்கும் கேபிளோ மெதுவாக இருக்கலாம். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் மாட்டிய வெளி டிஸ்க் இதற்கு நல்ல உதாரணம். அதே டிஸ்க்கை யுஎஸ்பி 3 போர்ட்டில் மாட்டிப் பாருங்கள்.

இதோடு மென்பொருளின் செட்டிங்ஸையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹார்ட்வேர் மூலம் விரிக்கும் வசதி அணைந்திருக்கலாம். 2011-லிருந்து வந்த இன்டெல் ப்ராசஸர்களில் உள்கிராபிக்ஸ் இருந்தால் குவிக் சிங்க் என்ற பகுதியும் பெரும்பாலும் இருக்கும், ஹெச்.264 போன்றவற்றை விரிக்கவும் சுருக்கவும் இருக்கும் தனிச் சுற்று அது. என்விடியா, ஏஎம்டி கார்டுகளிலும் இதற்கு இணையானது உண்டு. கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்து இந்த வசதியை இயக்கினாலே சில கணினிகள் ஆளே மாறிவிடும். ப்ரிவியூவின் தரத்தைப் பாதி அல்லது கால் அளவுக்குக் குறைப்பதும் உதவும். இறுதி வெளியீட்டின் தரம் இதனால் குறையாது.

காசு செலவழிக்கும் முன் ப்ராக்ஸி

செய்து பார்க்காமல் பலர் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். என் கருத்தில், பழைய கணினிக்கு இதைவிடப் பெரிய மேம்பாடு வேறு இல்லை.

ப்ராக்ஸி என்பது மூலக் காட்சியின் எளிய நகல். அளவில் சிறியது, முக்கியமாக, ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி முழுப் படமாக இருக்கும் கோடெக்கில் எழுதப்பட்டது. ப்ரோரெஸ் ப்ராக்ஸி, டிஎன்எக்ஸ்ஹெச்டி 36 ஆகியவை இந்த வேலைக்கென்றே உருவானவை. எடிட் செய்யும்போது மென்பொருள் நகலைக் காட்டும், வெளியீடு எடுக்கும்போது மூலத்துக்குத் தாவிவிடும். டாவின்சி ரிசால்வ், ப்ரீமியர், ஃபைனல் கட் ப்ரோ எல்லாவற்றிலும் இந்த வசதி உள்ளே இருக்கிறது. திறந்த மூல மென்பொருள்களான கேடென்லைவ், ஷாட்கட் இரண்டிலும் இருக்கிறது. எனவே மென்பொருளுக்கும் செலவு தேவையில்லை.

செய்முறை எளிது. காட்சிகளை எல்லாம் இம்போர்ட் செய்து, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ப்ராக்ஸி உருவாக்கச் சொல்லிவிட்டுத் தூங்கப் போங்கள். அளவு பாதியாக, அதாவது 960×540 ஆக இருந்தால் போதும். வெளி மென்பொருளில் ப்ராக்ஸி எடுப்பவர்கள் மூன்று விஷயங்களை மூலத்தோடு பொருத்தி வைக்க வேண்டும்: ஃபிரேம் வேகம், ஒலி சேனல்களின் எண்ணிக்கை, கோப்பின் பெயர். இவற்றில் ஒன்று பிசகினாலும் நகல் மூலத்தோடு ஒட்டாமல் போகலாம். ஃபோகஸ் சரியாக இருக்கிறதா, இருட்டில் இரைச்சல் தெரிகிறதா என்று பார்க்கும்போதும் வண்ணம் திருத்தும்போதும் மட்டும் ப்ராக்ஸியை அணைத்துவிட்டு மூலத்தைப் பாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு: முழு அளவிலேயே ப்ரோரெஸ் 422 போன்ற கோடெக்குக்கு மாற்றி அதையே எடிட் செய்வது. மிக லகுவாக ஓடும், ஆனால் டிஸ்க்கைத் தின்னும். நொடிக்கு 25 ஃபிரேமில் 122 மெகாபிட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 55 ஜிபி. மூலம் 11 ஜிபி என்பதை நினைவில் வையுங்கள். இப்படி மாற்றுவதால் படத்தின் தரம் கூடாது. வீட்டு வேலைக்கு ப்ராக்ஸியே போதும் என்பேன்.

சில மென்பொருள்களில் எம்டிஎஸ் கோப்பைத் திறந்தால் படம் வரும், ஒலி வராது. கேமரா ஒலியை டால்பி ஏசி-3 வடிவத்தில் எழுதியிருக்கும், மென்பொருளில் அதைப் படிக்கும் வசதி இருக்காது. ஷட்டர் என்கோடர் போன்ற இலவசக் கருவியில் படத்தைத் தொடாமல் அப்படியே நகலெடுத்து, ஒலியை மட்டும் பிசிஎம் (சுருக்காத ஒலி வடிவம்) ஆக மாற்றிக்கொள்ளலாம். தரம் குறையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இப்போது வாங்குவதைப் பற்றி

ப்ராக்ஸி போட்ட பிறகும் வேலை மெதுவாகவே இருந்தால், சோதனையில் எது திணறியதோ அதை மாற்றுங்கள். பொதுவாக நான் சொல்லும் வரிசை இது: ராம், எஸ்எஸ்டி, காப்பு டிஸ்க், அதற்குப் பிறகுதான் கிராபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும்.

ராம் 8 ஜிபி இருந்தால் 16 ஆக்குங்கள், ஹெச்டிக்கு அது வசதியான அளவு. எஃபெக்ட்களும் தலைப்புகளும் நிறைய வைப்பவர்களுக்கு 32 நல்லது. ஒரே பெரிய ராமைவிட, ஒரே மாதிரியான இரண்டை ஜோடியாகப் போடுவது வேகத்துக்கு உதவும். மதர்போர்டு எந்த வகை ராமை ஏற்கும் என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

டிஸ்க் விஷயத்தில் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 24 மெகாபிட் என்றால் நொடிக்கு 3 மெகாபைட்தான். மூன்று அடுக்கு ஓடினாலும் 9. சாதாரண ஹார்ட் டிஸ்க்கே நொடிக்கு 100 மெகாபைட்டைத் தாண்டும். அதனால் மூலக் காட்சிகள் தாராளமாக ஹார்ட் டிஸ்க்கில் இருக்கலாம், அதற்கென்று பெரிய எஸ்எஸ்டி தேவையில்லை. எஸ்எஸ்டியில் இருக்க வேண்டியவை இயங்குதளம், எடிட்டிங் மென்பொருள், கேஷ் கோப்புகள் (மென்பொருள் தன் வேலைக்காகத் தற்காலிகமாக எழுதிவைப்பவை), ப்ராக்ஸிகள். கேஷ் எங்கே எழுதப்பட வேண்டும் என்பதை மென்பொருளின் செட்டிங்ஸில் நாமே சொல்ல வேண்டியிருக்கும். எஸ்எஸ்டி மாட்டிவிட்டு இதை மாற்றாமல் விட்டால் பலன் பாதிதான் கிடைக்கும். டிஸ்க்கை விளிம்பு வரை நிரப்பவும் வேண்டாம்.

ப்ராசஸர் மாற்றுவது என்றால் பெரும்பாலும் மதர்போர்டும் ராமும் சேர்ந்து மாறும். அந்தக் கட்டத்தில் முழுக் கணினியையே மாற்றுவது நியாயமாக இருக்கலாம். இன்டெல் வாங்கினால் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து வரும் மாடல்களைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் உள்கிராபிக்ஸ் வேலை செய்யாது, அதனால் குவிக் சிங்க்கும் கிடையாது. கிராபிக்ஸ் கார்டு வண்ணத் திருத்தம், இரைச்சல் நீக்கம், தலைப்பு அசைவு போன்றவற்றில்தான் பெரிதாக உதவும். 4 ஜிபி நினைவகம் உள்ள கார்டு சாதாரண ஹெச்டி வேலைக்கு ஈடுகொடுக்கும். வெட்டி ஒட்டுவதும் பாட்டு சேர்ப்பதும் மட்டும்தான் உங்கள் வேலை என்றால் இதைத் தள்ளிப்போடலாம்.

ஒரு படத்தின் நடுவில் மட்டும் எதையும் மேம்படுத்த வேண்டாம், மென்பொருளின் புதிய பதிப்பு உட்பட. பல மென்பொருள்களில் புதிய பதிப்பு சேமித்த ப்ராஜெக்டைப் பழைய பதிப்பு திறக்காது. கையிலுள்ளதை முடித்து வெளியே எடுத்த பிறகு மாறுங்கள்.

டேப் வைத்திருப்பவர்களுக்கு

ஹெச்டிவி டேப்பைக் கணினிக்குள் கொண்டுவர ஃபயர்வயர் (டேப் கேமராக்களைக் கணினியோடு இணைக்கும் பழைய இணைப்பு வகை) வேண்டும். டெஸ்க்டாப் என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள கார்டுகள் கேமராக்களோடு நன்றாக ஒத்துப்போவதாகப் பெயர் எடுத்தவை. கேமரா பக்கம் பெரும்பாலும் நான்கு முனை, கார்டு பக்கம் ஆறு முனை. கேபிள் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். கேபிளை மாட்டும்போதும் கழற்றும்போதும் கேமராவை அணைத்துவிடுங்கள், போர்ட் எரிந்துபோக வாய்ப்பு உண்டு. விண்டோஸில் டேப்பை எடுக்க ஹெச்டிவிஸ்ப்ளிட் என்ற சிறிய இலவச மென்பொருள் இன்றும் பயன்படுகிறது.

ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. டேப்பில் ஒரு சிறு பழுது வந்தாலும் படம் அரை நொடி உறைந்துவிடலாம், ஏனென்றால் ஒரு முழுப் படத்தை நம்பி சுமார் ஒரு டஜன் ஃபிரேம்கள் இருக்கின்றன. அப்படி நடந்தால் டேப்பைப் படிக்கும் கேமரா ஹெட்டைச் சுத்தம் செய்யும் டேப்பை ஒருமுறை ஓட்டி, அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எடுத்துப் பாருங்கள். டேப்புகளை எல்லாம் மாற்றி முடிக்கும் வரை ஃபயர்வயர் உள்ள பழைய கணினியைத் தூக்கிப் போடாதீர்கள். டேப்பை ஓட்டும் கேமராக்களும் குறைந்துகொண்டே வருகின்றன, வேலையைச் சீக்கிரம் தொடங்குங்கள்.

இன்டர்லேஸ் என்னும் சீப்புப் பல்

ஹெச்டி கேம்கார்டர் காட்சியைக் கணினியில் முதல்முறை பார்ப்பவர்கள் பயந்துபோவது இதற்குத்தான்: ஆள் நகர்ந்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். கோப்பு கெட்டுவிடவில்லை. 1080ஐ (1080i, ‘ஐ’ என்றால் இன்டர்லேஸ்) முறையில் நொடிக்கு 25 முழுப் படத்துக்குப் பதிலாக 50 அரைப் படங்கள் (ஃபீல்டுகள்) பதிவாகின்றன. ஒன்று ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்தது இரட்டைப்படைக் கோடுகள். 60ஐ முறையில் எண் மட்டும் மாறும். இரண்டு அரைப் படங்களும் வெவ்வேறு கணத்தில் எடுக்கப்பட்டவை என்பதால், ஒன்றாகச் சேர்த்துக் காட்டும்போது அசைவில் பல் தெரிகிறது.

சீராக்க வேண்டுமானால் ஒவ்வொரு அரைப் படத்தையும் ஒரு முழு ஃபிரேமாக விரிக்க வேண்டும். 50ஐ காட்சி 50பி (‘பி’ என்றால் ப்ரோக்ரெஸிவ், முழுப் படங்கள்) ஆகும், அசைவின் வழவழப்பு அப்படியே நிற்கும். 25பி ஆக்கினால் பாதி அசைவை இழப்பீர்கள்; குழந்தைகள் ஓடுவதும் நடனமும் துள்ளித் துள்ளித் தெரியும். யாடிஃப் என்ற முறை பல இலவசக் கருவிகளில் இருக்கிறது. அதில் இரட்டை வேகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னும் சிறந்த தரம் வேண்டுவோருக்கு க்யூடிஜிஎம்சி இருக்கிறது, ஆனால் மெதுவாக ஓடும். முக்கியமான காட்சிகளுக்கு அந்தக் காத்திருப்பு தகும்.

டைம்லைனை அமைக்கும்போது முதல் கிளிப்பையே இழுத்துப் போட்டு, அதன் அமைப்பை ஏற்கச் சொல்வது பாதுகாப்பான வழி. ஹெச்டி இன்டர்லேஸ் காட்சியில் மேல் ஃபீல்டு முதலில் வரும். பழைய மினிடிவி காட்சியில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். இரண்டையும் ஒரே படத்தில் கலப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் அசைவு முன்னும் பின்னும் உதறும். 1440×1080 காட்சி ஒல்லியாகத் தெரிந்தால் பிக்சல் விகிதம் 1.333 என்று மென்பொருளுக்குச் சொல்லுங்கள், சரியாகிவிடும். சில கேனான் கேம்கார்டர்களில் பிஎஃப்25 என்ற முறை உண்டு. அதில் 25 முழு ஃபிரேம்களே 50ஐ உறைக்குள் பொதிந்திருக்கும். மீடியாஇன்ஃபோ இன்டர்லேஸ் என்று காட்டலாம், ஆனால் ஓடும் காட்சியில் பல் தெரியாது. அதை ப்ரோக்ரெஸிவ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், விரிக்கத் தேவையில்லை.

திரை, ஒலி

1920×1080 அல்லது அதற்கு மேற்பட்ட ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) திரை, எஸ்ஆர்ஜிபி (கணினித் திரைகளின் பொதுவான வண்ணத் தரம்) வண்ணத்தைச் சரியாகக் காட்டினால் போதும். ஹெச்டி காட்சிக்கான ரெக்.709 என்ற வண்ணத் தரமும் எஸ்ஆர்ஜிபியும் ஒரே அடிப்படை வண்ணங்களைக் கொண்டவை. இரண்டாவது திரை இருந்தால் ஒன்றில் டைம்லைன், இன்னொன்றில் முழு அளவில் படம் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய திரை ஒன்று சும்மா கிடந்தால் அதையே மாட்டுங்கள். காதை முழுக்க மூடும் ஹெட்போன் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், காற்று இரைச்சலும் மைக் உரசலும் கணினி ஸ்பீக்கரில் தெரியாது.

வெளியே எடுப்பதும் வைத்துக்கொள்வதும்

யூடியூபுக்கு 1080பி ஹெச்.264, நொடிக்கு 25 அல்லது 30 ஃபிரேம் என்றால் 8 மெகாபிட், 50 அல்லது 60 என்றால் 12 மெகாபிட் அவர்களே பரிந்துரைக்கும் அளவு. கொஞ்சம் கூட வைத்தாலும் தவறில்லை. கிராபிக்ஸ் கார்டு மூலம் வெளியீடு எடுத்தால் வேகம். ப்ராசஸர் மூலம் எடுத்தால் அதே அளவு கோப்பில் தரம் சற்றுக் கூடுதலாக வரும். அவசரமில்லாத இறுதி வெளியீட்டை இரவில் ப்ராசஸரிடம் விட்டுவிடுங்கள்.

அனுப்பும் பிரதி தவிர, மாஸ்டர் ஒன்றும் எடுங்கள்: ப்ரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்டி, இடம் போதாவிட்டால் 40, 50 மெகாபிட் ஹெச்.264. பின்னால் வேறு வடிவம் கேட்டால் ப்ராஜெக்டைத் திறக்காமல் இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

ப்ராக்ஸியும் கேஷும் போனால் மறுபடி உருவாக்கலாம், அவற்றுக்குக் காப்பு நகல் வேண்டாம். மூலக் காட்சி, ப்ராஜெக்ட் கோப்பு, அதில் பயன்படுத்திய பாட்டு, எழுத்துரு, மாஸ்டர் ஆகியவற்றுக்கு மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது பலரும் பின்பற்றும் முறை. வேறு இடம் என்றால் உறவினர் வீட்டில் வைக்கும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்காகவும் இருக்கலாம், கிளவுடாகவும் இருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த டிஸ்க்கை மாட்டி, இங்கும் அங்குமாகச் சில கோப்புகளைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். புதிய கணினிக்கு மாறும் நாளில் பழையதை அழிக்கும் முன்னும் இதே சோதனையைச் செய்யுங்கள்.